கறிவேப்பிலையும் கசகசாவும் கடல் கடக்கும்போது

போன மாதம் பெரம்பூரிலிருந்து ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்திருந்தார். நியூ ஜெர்சியில் இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தவரிடம், "பெட்டியில் என்னென்னம்மா எடுத்துப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். மண்ணடியில் பயண முகவராக உட்கார்ந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. இதைக் கேட்காமல் நான் யாரையும் அனுப்புவதில்லை.

அவர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். கஞ்சிக்கு மாப்பிள்ளைச் சம்பா அரிசி இரண்டு கிலோ. பூண்டு ஊறுகாய். சுண்டைக்காய் வற்றல். பிரசவ லேகியம். மாப்பிள்ளைக்குப் பிடிக்கும் என்று ஆட்டு உப்புக்கண்டம் அரைக் கிலோ. கிளம்பும் அன்று காலையில் கொல்லையில் பறித்து, செய்தித்தாளில் சுற்றி வைக்க ஒரு கட்டு கறிவேப்பிலை.

அரிசி, உப்புக்கண்டம், கறிவேப்பிலை மூன்றையும் அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள், வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றேன். "கறிவேப்பிலையில் என்ன தம்பி இருக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

கறிவேப்பிலையும் ஆரஞ்சும் எலுமிச்சையும் ஒரே தாவரக் குடும்பம். கறிவேப்பிலைக் கொழுந்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னஞ்சிறு பூச்சி, ஆரஞ்சு மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் நோய்க்கிருமியைச் சுமந்து செல்லும். அந்த நோய் வந்த மரத்தைக் காப்பாற்ற மருந்து கிடையாது. ஃபுளோரிடாவில் 2005இல் அது கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் அங்கே ஆரஞ்சுத் தோட்டங்கள் அழிந்தது பெருங்கதை. அரிசிக்குக் காரணம் கப்ரா வண்டு. நம் பக்கத்துப் பூச்சி அது. அதன் புழு தீனியே இல்லாமல் நெடுங்காலம் உயிரோடு கிடக்கும்; ஒரு சேமிப்புக் கிடங்கில் புகுந்துவிட்டால் ஒழிப்பது பெரும்பாடு. உப்புக்கண்டத்துக்குக் காரணம் மாடு, ஆடுகளுக்கு வரும் கோமாரி நோய். இவற்றைக் கேட்டபின் அந்த அம்மா சொன்னார்: "அவர்கள் ஊர் விவசாயிக்காகத்தானே? அப்படியென்றால் சரி." சுங்க அதிகாரி நம் சமையலைக் குறை சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டு போகிறவர்கள்தான் ஒளித்து வைக்கிறார்கள்.

ஒளிப்பதில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது. தடை செய்யப்பட்ட பொருளைக் கொண்டுபோய், "என்னிடம் இது இருக்கிறது" என்று சொல்லிவிட்டால், பெரும்பாலும் அதை வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டு உங்களை அனுப்பிவிடுவார்கள். "உணவுப் பொருள் எதுவும் இல்லை" என்று சொல்லி, பெட்டியைத் திறந்தால் கறிவேப்பிலை இருந்தால், அமெரிக்காவில் முதல் தடவைக்கே 1,000 டாலர் வரை அபராதம் போடலாம். ஆஸ்திரேலியா இன்னும் கண்டிப்பு. அங்கே வருகை அட்டையில் உணவு, செடி, விதை பற்றிய கேள்விகள் இருக்கும். பொய்யாக "இல்லை" என்று குறித்தால் அந்த இடத்திலேயே அபராதம். தற்காலிக விசாவில் வந்தவராக இருந்தால் விசாவையே ரத்து செய்யலாம். படிக்கப் போகும் பிள்ளையின் பெட்டியைக் கட்டும் பெற்றோர் இதை மனத்தில் வைக்க வேண்டும்: அட்டையில் கையெழுத்துப் போடுவது பிள்ளை, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

கசகசா வேறு கதை. நம் வீட்டில் குருமாவுக்கு அரைக்கும் அதே கசகசா, அபின் எடுக்கும் செடியின் விதை. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. தனிப் பொட்டலமாக இல்லாமல், வீட்டில் திரித்த மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் சிக்கல்தான். துபாய் செல்பவர்களிடம் இதை இரண்டு தடவை சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன ஓர் இளைஞர் சாங்கி விமான நிலையத்திலிருந்து என்னை அழைத்தார். குரல் நடுங்கியது. பக்கத்து வீட்டு அக்கா தன் மகனிடம் கொடுக்கச் சொல்லி முறுக்கு டப்பா ஒன்று கொடுத்திருக்கிறார். டப்பாவின் அடியில், முறுக்குக்குக் கீழே, மெல்லும் புகையிலைப் பொட்டலங்கள். சிங்கப்பூரில் மெல்லும் புகையிலைக்குத் தடை. "அண்ணா, அது என்னுடையது இல்லை என்று சொன்னேன், கேட்கவே இல்லை" என்றார். எப்படிக் கேட்பார்கள்? பெட்டி அவர் பெயரில் இருக்கிறது. பொட்டலங்களைப் பறிமுதல் செய்து, பல மணி நேரம் உட்கார வைத்து விசாரித்தபின் விட்டார்கள். புகையிலையோடு போயிற்று. அங்கே ஒருவர் கைவசம் போதைப்பொருள் இருந்தால், அது என்னவென்று அவருக்குத் தெரியும் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. பிறர் கொடுக்கும் பொட்டலத்தை வாங்காதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான். வாங்கியே ஆக வேண்டிய உறவு என்றால், கொடுத்தவர் எதிரிலேயே டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டிப் பாருங்கள். மனம் வருத்தப்பட்டால் படட்டும்.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர் மருந்துக்கடையில் ஆறு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார்கள். மருந்தின் பெயர் கடையிலேயே தங்கிவிடும். அப்படிப்பட்ட துண்டு அட்டையோடு சோதனை அதிகாரி முன் நிற்காதீர்கள். முழு அட்டையாக வாங்குங்கள், மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயரோடு ஆங்கிலத்தில் சீட்டு வாங்குங்கள். டிரமடால் போன்ற வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவற்றை அமீரகத்துக்குக் கொண்டுபோக முன்னதாகவே அந்நாட்டு அரசின் அனுமதி வேண்டும்.

"டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கியது, அதற்கு எதற்கு வரி?" என்று கேட்பவர்கள் பலர். அந்தக் கடையின் விலையில் வாங்கிய ஊரின் வரி சேரவில்லை, அவ்வளவுதான். இறங்கும் ஊரின் வரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. சிங்கப்பூருக்கு மொத்தம் 2 லிட்டர் வரை மது, அதிலும் விஸ்கி போன்றவை 1 லிட்டருக்கு மேல் கூடாது. 48 மணி நேரமாவது சிங்கப்பூருக்கு வெளியே இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து வந்தால் அந்தச் சலுகையும் இல்லை. சிகரெட்டுக்கு ஒன்றுக்குக்கூட விலக்கு கிடையாது. ஆஸ்திரேலியாவில் மது 2.25 லிட்டர். அமெரிக்காவில் 1 லிட்டர், வயது 21 ஆகியிருக்க வேண்டும். இந்த அளவுகள் மாறக்கூடியவை. கிளம்பும் வாரத்தில் அந்தந்த நாட்டுச் சுங்கத்துறை இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

பணம் கொண்டுவர அமெரிக்கா உச்சவரம்பு வைத்திருப்பதாகப் பலர் பயப்படுகிறார்கள். அங்கே 10,000 டாலருக்கு மேல் கொண்டுபோனால் சுங்க அதிகாரியிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்கு வரி இல்லை. குடும்பமாகப் போகிறவர்கள் நால்வரிடம் பிரித்து வைத்தாலும் மொத்தமாகத்தான் கணக்கு. கல்யாணத்துக்குக் கனத்த நகை போட்டுக்கொண்டு போகிறவர்கள், சென்னையில் கிளம்பும்போதே சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால் திரும்பி வரும்போது அந்த நகைக்கு வரி கேட்க மாட்டார்கள். இதற்காகக் கூடுதலாக ஒரு மணி நேரம் முன்னால் போங்கள்.

பெரம்பூர் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. கவுன்ட்டரில் கேள்வி கேட்டால் பதற்றத்தில் "நோ, நோ" என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்தார். ஒரு சிறிய அட்டையில், "என்னிடம் ஊறுகாய், வற்றல், மூலிகை லேகியம் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அதைப் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக்கொண்டார். போய்ச் சேர்ந்த மறுநாள் மகள் அழைத்தார். அதிகாரி அட்டையை வாங்கிப் படித்து, பெட்டியைத் திறந்து பார்த்து, எல்லாவற்றையும் திருப்பி அடுக்கிக் கொடுத்தாராம். லேகிய டப்பாவின் மூடியைத் திறந்து முகர்ந்தும் பார்த்தாராம்.