கண்ணைக் கசக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

சோளகக் காற்று எழும்பிவிட்டால் யாழ்ப்பாணத்தில் புழுதிக்குக் குறைவில்லை. ரியூஷன் முடிந்து சைக்கிளில் திரும்பும் பிள்ளைகளில் பலர் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் வருவார்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளை லேசாகத் தொட்டுவிட்டு நிறுத்துவதில்லை. மடக்கிய விரலின் மூட்டைக் கண்ணில் வைத்து அழுத்தி உருட்டும். "கண் கடிக்குது அம்மா" என்றால் "முகத்தைக் கழுவிவிட்டு வா" என்பதோடு விட்டுவிடுகிறோம். சில பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் பார்வையையே கெடுத்துவிடும் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கருவிழிக்கு முன்னால் தெளிவாக நிற்கும் படலம் கோர்னியா. நடுவில் அதன் தடிப்பு அரை மில்லிமீற்றரைவிடச் சற்றே அதிகம். கண்ணுக்குள் வரும் ஒளியைக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கு இதனுடையது. ஆகவே இதன் வளைவு சிறிது பிசகினாலும் காட்சி கலங்கும். அதே நேரத்தில் இது சுமை தாங்கும் சுவரும்கூட. கண்ணுக்குள் வழமையாக 10 முதல் 21 மில்லிமீற்றர் இரச அழுத்தம் இருக்கும். 15 என்று வைத்துக்கொண்டால், 20 சென்டிமீற்றர் உயரத் தண்ணீரின் அழுத்தம். நாம் தூங்கும்போதும் அது கோர்னியாவை உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது.

இவ்வளவு மெல்லிய படலம் அதை எப்படித் தாங்குகிறது? கொலாஜன் என்ற புரத இழைகளால்தான். ஓர் இழையின் விட்டம் சுமார் 30 நானோமீற்றர். இழைகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்து ஒரு தாள் ஆகின்றன. அப்படி இருநூறுக்கும் மேற்பட்ட தாள்கள் ஒன்றின்மேல் ஒன்றாக, வெவ்வேறு திசைகளில் படுத்திருக்கின்றன. முன்பக்கத்தில் தாள்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னியிருக்கும், பின்பக்கத்தில் பெரும்பாலும் அடுக்கியபடி கிடக்கும். அதனால் முன்பகுதிதான் உறுதி கூடியது. இவற்றையெல்லாம் இறுக்கிப் பிடிப்பவை இழைகளுக்கு இடையிலுள்ள வேதியியல் பிணைப்புகள்.

பாரம் சுமந்து பழசாகிப்போன கடகத்தைக் கவனித்திருப்பீர்கள். ஓலை அறுந்திராது. பின்னல் நெகிழ்ந்து, ஓலைகள் வழுக்கி விலகி, அடி மட்டும் தொங்கிப்போயிருக்கும். கெரட்டோகோனஸ் என்ற கூம்புவிழி நோயில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். கண் அழுத்தம் கூடியிராது. பிணைப்பு தளர்ந்த இடம், பெரும்பாலும் நடுவுக்குச் சற்றுக் கீழே, வழமையான அழுத்தத்துக்கே வெளியே பிதுங்குகிறது. பிதுங்கிய இடம் மெலிகிறது. மெலிந்த இடத்தில் இழுவிசை கூடுவதால் அது இன்னும் பிதுங்குகிறது.

கசக்கும்போது கண் அழுத்தம் சில கணங்களுக்குப் பல மடங்கு ஏறுகிறது. தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று அரைபடுகின்றன. அழற்சியால் சுரக்கும் நொதியங்கள் கொலாஜனை அரிக்கின்றன. கசக்குகிற எல்லோருக்கும் இந்த நோய் வருவதில்லை. பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஆனால் தெற்காசியர்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது, பெரும்பாலும் பதின்ம வயதில்தான் தொடங்குகிறது. ஓ.எல்., ஏ.எல். படிக்கிற வயது!

அறிகுறிகளைக் கிட்ட நின்று பார்த்தால் பிடித்துவிடலாம். ஒவ்வொரு முறை கண்ணாடி மாற்றும்போதும் சீட்டில் சிலிண்டர் பவர், அதாவது கோர்னியாவின் வளைவு ஒரே சீராக இல்லாததை ஈடுசெய்யும் பவர், ஏறியிருக்கும். இரவில் எதிரே வரும் மோட்டார் சைக்கிள் லைட் இழுபட்டு வால் முளைத்ததுபோலத் தெரியும். நோய் முற்றியவரைக் கீழே பார்க்கச் சொன்னால், கீழிமையின் விளிம்பைக் கோர்னியா கூராகத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

ஜேர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கோர்னியாவின் மேற்தோலை அகற்றி, ரைபோஃபிளேவின், அதாவது விற்றமின் பி2, துளிகளை அரை மணி நேரம் ஊற வைத்து, பிறகு அரை மணி நேரம் புற ஊதாக் கதிர் பாய்ச்சுவது. கதிர் பட்ட விற்றமின், இழைகளுக்கிடையே புதிய பிணைப்புகளை உண்டாக்குகிறது. அதுவே கதிரை உறிஞ்சி உட்கண்ணையும் காக்கிறது. 2003 இல் வெளியான அவர்களின் முதல் அறிக்கையில் 22 நோயாளிகளின் 23 கண்கள். எல்லாவற்றிலும் நோய் மேலும் முற்றாமல் நின்றது. எனக்கு மிகவும் பிடித்த மருத்துவக் கண்டுபிடிப்புகளில் இதுவும் ஒன்று. ஆனால் பிதுங்கிய வடிவம் பெரிதாகத் திரும்பாது, தடிப்பு 400 மைக்ரோமீற்றருக்குக் கீழே போனால் வழமையான முறையில் செய்வது ஆபத்து. அதனால் நேரத்தோடு போக வேண்டும். மிகவும் முற்றினால் கோர்னியா மாற்றுச் சிகிச்சைதான். அதற்குத் தானக் கண் வேண்டும்; ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் வெளிநாடுகளுக்கும் கோர்னியா அனுப்பிவருகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கண் அழுத்தத்தை அளக்கும் கருவி கோர்னியாவைத் தட்டையாக்கித்தான் அளக்கிறது. மெலிந்த கோர்னியா இலகுவில் வளைந்துகொடுப்பதால் அளவு குறைவாகக் காட்டும். கண்ணின் பின்புறத்தில், பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள் வெளியேறும் சல்லடை போன்ற திசுவை உண்மையான அழுத்தம் நசுக்கிக்கொண்டிருந்தாலும், அதாவது குளுக்கோமா நோய் இருந்தாலும், தெரியாமல் போகலாம்.

சரி, வீட்டில் என்ன செய்வது? கண்கடிக்கு மருந்து போடாமல் "கசக்காதே" என்று மட்டும் பிள்ளையை ஏசிப் பயனில்லை. குளிர்ந்த துணி ஒத்தடம் கொடுங்கள், கண் வைத்தியரிடம் துளி மருந்து எழுதி வாங்குங்கள். பாமசியில் நீங்களாக ஸ்டீரொயிட் துளி வாங்கி மாதக்கணக்கில் விட வேண்டாம்; அது கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். கிளினிக்குக்குப் போகும்போது பழைய கண்ணாடிச் சீட்டுகளையும் கொண்டுபோங்கள். பவர் எவ்வளவு வேகமாக மாறியிருக்கிறது என்று பார்த்துத்தான், கோர்னியாவின் வளைவைப் படமெடுத்துப் பார்க்க வேண்டுமா என்று வைத்தியர் முடிவெடுப்பார்.