புதுக் காரில் காற்றுச் சத்தம்: பிறக்கும் இடமும் பிடிக்கும் வழியும்

சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஓட்டுநர் பக்கக் கதவின் மேல்மூலையில் மெல்லிய விசில் ஒன்று கிளம்புகிறது. 60க்கு இறங்கினால் நின்றுவிடுகிறது. வொர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டால், கதவைத் திறந்து மூடி, ரப்பரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. நிற்கும் காரில் அந்த இடைவெளியே கிடையாது. ஓடும்போது மட்டும்தான் அது திறக்கிறது. காற்றுச் சத்தத்தைத் தேடுகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 25 மீட்டர். அந்த வேகத்தில் வரும் காற்று முன்கண்ணாடியில் மோதி, அதன் இரு ஓரங்களிலும் சாய்ந்து நிற்கும் தூண்களைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் பாய்கிறது. ஏ பில்லர் என்று சொல்வது இந்தத் தூண்களைத்தான். வளைந்து திரும்பும் இடத்தில் காற்றின் வேகம் கூடும். வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். தூணை விட்டுப் பிரியும் காற்று அப்படியே சுருண்டு, நீளமான சுழலாக முன்கதவுக் கண்ணாடியை ஒட்டிப் பின்னால் ஓடுகிறது. ஆக, முன்கதவின் மேல்பாதிக்கு வெளியே அழுத்தம் குறைவு. உள்ளே கிட்டத்தட்ட சாதாரண அழுத்தம். கண்ணாடியும் அதைச் சுற்றியுள்ள சட்டமும் வெளிப்பக்கமாக இழுபடுகின்றன.

எவ்வளவு விசை? விநாடிக்கு 25 மீட்டர் வேகக் காற்றின் இயக்க அழுத்தம், அதாவது அது மோதும்போது தரும் அழுத்தம், சுமார் 370 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு சராசரியாக 250 பாஸ்கல் என்று வைத்துக்கொண்டால், 0.4 சதுர மீட்டர் பரப்பில் அது 100 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 10 கிலோ எடையின் இழுப்பு. கதவின் கீழ்ப்பாதியைக் கீல்களும் பூட்டும் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. மேலே இருக்கும் சட்டத்துக்கு அதன் சொந்த விறைப்பைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. அதனால் அது கொஞ்சம் வெளியே நகர்ந்துதான் தீரும்.

காரை வடிவமைப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங்கை குழாய் போல உள்ளே பொள்ளலான ஸ்பஞ்சு ரப்பரில் செய்கிறார்கள். கதவை மூடும்போது நசுங்கும். சட்டம் வெளியே நகரும்போது விரிந்து, தொட்ட இடத்தை விடாமல் தொட்டுக்கொண்டிருக்கும். ஆனால் விரிவதற்கும் ஓர் எல்லை உண்டு. தொழிற்சாலையில் கதவைப் பொருத்தும்போது ஒரு மில்லிமீட்டர் பிசகினால் போதும், நிற்கும்போது சரியாக மூடியிருக்கும் ரப்பர் 80ல் கைவிட்டுவிடும்.

அந்த இடத்தில் வெளிக்காற்று உள்ளே வரும் என்று பலர் நினைத்து, கையை வைத்துத் தேடுவார்கள். எதுவும் படாது. உள்ளே இருக்கும் காற்றுதான் வெளியே உறிஞ்சப்படுகிறது. குறுகலான இடுக்கின் வழியே பிய்த்துக்கொண்டு போகும் அந்த ஓட்டம் சீறுகிறது. இடுக்கின் விளிம்பு கூர்மையாக அமைந்துவிட்டால் புல்லாங்குழல் போல ஒரே சுருதியில் ஊதவும் செய்கிறது. இதோடு இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. எவ்வளவு நல்ல தடுப்பாக இருந்தாலும், அதன் பரப்பில் 1 விழுக்காடு திறந்திருந்தால் மொத்தத்தில் அது 20 டெசிபெலுக்கு (ஒலியளவின் அலகு) மேல் ஒலியைக் குறைக்காது. திறப்பு அதைவிட எத்தனையோ மடங்கு சிறியதாக இருந்தாலும், கண்ணாடியும் இரும்பும் தடுத்து வைத்திருந்த வெளிச்சத்தம் அந்த வழியாக நேராகக் காதுக்கு வந்துவிடுகிறது.

கசிவே இல்லாத காரிலும் காற்று சத்தம் போடும். அது வடிவத்தின் சத்தம். பின்னால் வருவதைக் காட்டும் பக்கக் கண்ணாடி, தூண், வைப்பர் என்று காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் எல்லாமே காற்றைக் கிழித்துச் சுழல வைக்கின்றன. காற்றோட்டத்திலிருந்து ஒலி எப்படிப் பிறக்கிறது என்ற கோட்பாட்டை பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஜேம்ஸ் லைட்ஹில் 1952ல் வெளியிட்டார். ஓட்டத்தின் நடுவே திடப்பொருள் இருந்தால் என்ன ஆகும் என்பதை 1955ல் கர்ல் என்ற ஆய்வாளர் சேர்த்தார். அதன்படி, இந்த வகைச் சத்தத்தின் ஆற்றல் வேகத்தின் ஆறாம் அடுக்கில் ஏறுகிறது. துவாஸ் இரண்டாம் பாலத்தைக் கடந்து மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110ல் போகும்போது, இங்கே 80ல் கேட்டதைவிட 8 டெசிபெல் கூடுதலாகக் கேட்கும். 10 டெசிபெல் ஏறினால் நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். ஆகவே மலாக்கா போய் வந்த பிறகு "கார் திடீரென்று இரையுது" என்றால், பெரும்பாலும் காரில் ஒன்றும் கெடவில்லை.

கணக்கில் வரும் வேகம் சாலையில் காரின் வேகம் அல்ல, காற்றுக்கு எதிரான வேகம் என்பதையும் மறக்கக் கூடாது. டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நாள்களில், ஈஸ்ட் கோஸ்ட் விரைவுச்சாலையில் கிழக்கே சாங்கி நோக்கிப் போவதும் நகரை நோக்கி வருவதும் ஒன்றல்ல. மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று நேர் எதிரே இருந்தால் 80 என்பது 100 ஆகிறது. பின்னாலிருந்து வீசினால் 60 ஆகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் 13 டெசிபெல். ஒரே சாலை, ஒரே கார், ஒரே வேகம்! காலையில் மோசமாகவும் மாலையில் நன்றாகவும் தெரிந்ததை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம். அதே தூரத்தை இரு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். உயரத்தில் கடலைப் பார்த்து நிற்கும் பெஞ்சமின் ஷியர்ஸ் பாலம் போன்ற இடங்களில் பக்கக்காற்று சேர்ந்துகொள்ளும். அப்போது காற்றடிக்கும் பக்கத்தைவிட மறுபக்கத் தூணின் சுழல்தான் வலுக்கும். சோதனைக்கு நான் தவிர்க்கச் சொல்வது சுரங்கச்சாலையை. காலாங் - பாய லேபார் விரைவுச்சாலையின் 9 கிலோமீட்டர் சுரங்கத்தில் டயர் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி எல்லாவற்றையும் குழப்பிவிடும்.

டயர் சத்தத்தை முதலில் கழித்துவிட வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வரை பல கார்களில் காற்றைவிட டயரின் பங்கு அதிகம். சாலைப் பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் அது டயர். தார் புதிதோ பழையதோ, காற்றுக்கு அக்கறையில்லை. மின்சார காருக்கு மாறியவர்கள் காற்றுச் சத்தம் அதிகம் என்று சொல்வதற்குக் காரணமும் எளிது: மறைத்து வைத்திருந்த இயந்திர ஒலி இப்போது இல்லை.

பின் சன்னலை மட்டும் இறக்கினால் காது அடைப்பது போல 'துப் துப்' என்று அதிருமே, அது வேறு. காரின் உட்புறம் முழுவதும் ஒரே காற்றுப்பையாக விநாடிக்கு 15, 20 முறை அதிர்கிறது. இன்னொரு சன்னலைக் கொஞ்சம் இறக்கினால் போய்விடும். அது கோளாறு அல்ல.

மெல்லிய கம்பிகள் எழுப்பும் சத்தத்துக்கு மட்டும் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. காற்றில் நிற்கும் கம்பியின் பின்னால் சுழல்கள் இடமும் வலமுமாக மாறி மாறிப் பிரியும். 1878ல் செக் இயற்பியலாளர் வின்சென்ஸ் ஸ்ட்ரௌஹால் இந்தச் சுருதியை அளந்தார். வேகத்தைக் கம்பியின் விட்டத்தால் வகுத்து 0.2ஆல் பெருக்கினால் அதிர்வெண் கிடைக்கும். 5 மில்லிமீட்டர் ஆண்டெனாவுக்கு 90ல் அது 1000 ஹெர்ட்ஸ். ஆண்டெனாக் கம்பியில் திருகு போலச் சுற்றியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுழல்கள் கம்பி நெடுக ஒரே நேரத்தில் பிரியாமல் கலைத்துவிடுவதற்குத்தான் அது.

சரி, பிடிப்பது எப்படி? முதல் கேள்வி, இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்கிறதா? வடிவத்தின் சத்தம் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்கும். கசிவு அப்படி இருக்காது. ஆனால் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பதால் அவர் காதுக்கு வலது பக்கமே எப்போதும் பெரிதாகக் கேட்கும். அதனால் இன்னொருவரை ஓட்டச் சொல்லி, நீங்கள் இடப்பக்கம் உட்கார்ந்து கேளுங்கள். அப்புறம், விசில் கேட்கும் வேகத்தில் பக்கத்தில் இருப்பவர் சட்டத்தின் மேல்மூலையைக் கையால் பிடித்து உள்ளே இழுக்கட்டும். சத்தம் மாறினால் ரப்பர்தான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஏர்கானையும் பயன்படுத்தலாம். இங்கே எல்லாரும் உள்காற்றையே சுழல விட்டு ஓட்டுகிறோம். அதை வெளிக்காற்றுக்கு மாற்றி விசிறியை முழு வேகத்தில் வைத்தால் உள்ளே அழுத்தம் சற்றுக் கூடும். கசிவு இருந்தால் சத்தத்தின் தன்மை மாறும்.

இதற்கெல்லாம் மேலான கருவி, வண்ணம் பூசுபவர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப். சந்தேகப்படும் பக்கத்தில் கதவு இடுக்கு, பக்கக் கண்ணாடியின் அடியிலுள்ள முக்கோண மூடி, முன்கண்ணாடி ஓரம், கூரைப் பட்டை எல்லாவற்றையும் ஒட்டி மூடிவிட்டு ஓட்டுங்கள். சத்தம் நின்றால், ஒவ்வொன்றாக உரித்து மறுபடி ஓட்டுங்கள். எதை உரித்ததும் சத்தம் திரும்புகிறதோ, இடம் அதுதான். டேப்பின் முனை காற்றில் படபடக்காமல் அழுத்தி ஒட்ட வேண்டும். உரிப்பதற்கு விரைவுச்சாலை ஓரத்தில் நிறுத்தக் கூடாது, வெளியேறி ஒரு கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விடுங்கள். வெயிலில் டேப்பை அப்படியே விட்டுவிட்டால் பசை பெயின்ட்டில் தங்கிவிடும்.

என் அக்கா மகன் ஒருநாள், "மாமா, 85ல போனா காதுக்குள்ள ஊசி குத்துற மாதிரி இருக்கு" என்று வந்தான். டேப்பை வைத்துத் தேடினால் வலது தூணின் அடிப்பகுதியில் தேடல் முடிந்தது. கதவைத் திறந்து ரப்பரை உரித்தால், சாலையைப் படம்பிடிக்கும் டேஷ்கேமைப் பொருத்தியவர் ஒயரை ரப்பருக்கு அடியில் திணித்திருந்தார். ஒயரைத் தூணின் பிளாஸ்டிக் மூடிக்குள் மாற்றிவிட்டதும் விசில் போயே போய்விட்டது. புதுக் காரில் விசில் என்றால் முதலில் பார்க்க வேண்டியது, வாங்கிய பிறகு சேர்த்தவற்றை: டேஷ்கேம் ஒயர், மழைக்காகச் சன்னலின் மேல் ஒட்டும் வைசர், கூரைக் கம்பிகள்.

நிற்கும் காரில் காகிதத் துண்டை ரப்பருக்கும் சட்டத்துக்கும் இடையில் வைத்து, கதவை மூடி இழுத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு. எங்கே தளர்வாக வருகிறதோ அங்கே அழுத்தம் குறைவு. 2 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டை வைத்துச் செய்ய வேண்டாம். அது பாலிமர் என்ற பிளாஸ்டிக், எங்கேயும் வழுக்கிக்கொண்டு வரும். கருவி வைத்திருக்கும் வொர்க்‌ஷாப்பில், காருக்குள் 40,000 ஹெர்ட்ஸ் அளவில், காதுக்குக் கேட்காத மீயொலி எழுப்பி, வெளியே உணரியை இடுக்கு நெடுக நகர்த்திக் கசிவைக் கண்டுபிடிப்பார்கள். ஆனால் நிற்கும் காரில் அந்த இடைவெளி திறப்பதில்லை என்று முன்பு சொன்ன காரணத்தால், இந்தச் சோதனைகளில் கார் தேறிவிட்டால் கசிவே இல்லை என்று அர்த்தமில்லை.

சரிசெய்யும் வேலை பெரும்பாலும் சிறியது. மடங்கிய ரப்பரை நேராக உட்கார வைப்பது, முக்கோண மூடியின் அடியிலுள்ள ஸ்பஞ்சை மாற்றுவது, கதவுப் பூட்டு மாட்டும் வளையத்தை அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளுவது. இதை மிகையாகச் செய்தால் கதவை அறைந்து மூட வேண்டி வரும், ரப்பரும் சீக்கிரம் நசுங்கிப்போகும். சட்டத்தையே வளைத்துச் சரிசெய்வதும் உண்டு; அது கைதேர்ந்தவர் செய்ய வேண்டியது. ரப்பருக்குப் பூச சிலிக்கோன் கிரீஸ் நல்லது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இந்த வகை ரப்பர் ஊதிவிடும். கதவின் அடியிலுள்ள நீர்வடி துளைகளையும் பின்பம்பருக்குள் இருக்கும் காற்றுப்போக்கிகளையும் ஒருபோதும் அடைக்காதீர்கள். துளையை அடைத்தால் நம் ஊர் மழைக்குக் கதவுக்குள் தண்ணீர் தேங்கும். காற்றுப்போக்கியை அடைத்தால் கதவை மூடும்போதெல்லாம் காது அடைக்கும்.

கதவுக்குள் ஒட்டும் ஒலியடக்கிப் பாய்களுக்கு நூற்றுக்கணக்கான வெள்ளி செலவழிக்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். அவை இரும்புத் தகட்டின் தாழ்ந்த அதிர்வைக் குறைக்கும். இடுக்கில் பிறக்கும் 3000 ஹெர்ட்ஸ் விசிலை அவை தொடக்கூட மாட்டா. கடையில் விற்கும் கூடுதல் ரப்பர் பட்டைகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். தடிமன் கூடினால் கதவு வெளியே தள்ளப்பட்டு, நன்றாக இருந்த இடத்திலும் தொழிற்சாலை ரப்பர் விலகிவிடும். கண்ணாடியில் உண்மையான வேறுபாடு இருக்கிறது. 4 மில்லிமீட்டர் சாதாரணக் கண்ணாடி 3000 ஹெர்ட்ஸ் அருகே ஒலியைத் தடுப்பதில் பலவீனமாகிறது. நம் காதுக்கு மிகக் கூர்மையான பகுதியும் 2000 முதல் 5000 வரைதான். நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த ஒலித்தடுப்புக் கண்ணாடி அந்தப் பலவீனத்தைக் குறைக்கிறது. அதை வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

"இந்த மாடலே இப்படித்தான்" என்ற பதில் வந்தால், அதே மாடலில் இன்னொரு காரை, அதே சாலையில், அதே திசையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தொழில்நுட்பரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டுங்கள். எந்த வேகம், எந்தப் பக்கம், எந்த டேப்பை உரித்தபோது திரும்பியது என்று எழுதிக் கொடுங்கள். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல், குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் 'லெமன்' சட்டம் நடப்பில் இருக்கிறது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கருதப்படும்; அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர். காருக்கும் இது பொருந்தும். ஆகவே ஒவ்வொரு முறை வொர்க்‌ஷாப்பில் விடும்போதும் தேதி போட்ட சர்வீஸ் தாளில் "வலது முன்கதவு, 80க்கு மேல் விசில்" என்று அவர்கள் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் "காற்றுச் சத்தம்" என்று எழுத விடாதீர்கள்.