பெடகாஜி: பிள்ளையோடு நடந்தவரின் பெயர்

ஆசிரியர் தகுதித் தேர்வின் 150 மதிப்பெண்ணில் 30 மதிப்பெண் குழந்தை மேம்பாட்டுக்கும் பெடகாஜிக்கும் உரியது. தேர்வுக்குப் படிப்பவர்கள் நாள்தோறும் புழங்கும் இந்தச் சொல்லுக்குக் ‘கற்பிக்கும் கலை’ என்று பொருள் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இன்றைய வழக்குக்கு அது போதும். ஆனால், அதன் மூலச்சொல் வழங்கிய பண்டைய கிரேக்க நகரமான ஏதென்சில் அதற்கும் கற்பித்தலுக்கும் நேரடித் தொடர்பே இல்லை.

கிரேக்க மூலம் பைதகோகோஸ். ‘பைஸ்’ என்றால் பிள்ளை. வேற்றுமை ஏற்கும்போது அது ‘பைதோஸ்’ என்று திரியும். ‘அகோகோஸ்’ என்றால் அழைத்துச் செல்பவர், நடத்திச் செல்பவர். இரண்டும் சேர்ந்தால் ‘பிள்ளையை அழைத்துச் செல்பவர்’. பெயர் சொல்வதுதான் வேலையும். வீட்டிலிருந்து பள்ளிக்கும் பள்ளியிலிருந்து வீட்டுக்கும் சிறுவனோடு நடந்து போய்வந்த வீட்டு அடிமையின் பெயர் அது.

சிறுவனுக்கு ஏறத்தாழ 7 வயதானதும் இந்த நடை தொடங்கும். ஏதென்சில் எல்லாப் பாடமும் ஓரிடத்தில் நடக்கவில்லை. எழுத்தும் கணக்கும் சொல்லித்தந்தவர் கிரமதிஸ்தேஸ். யாழ் கற்பித்தவர் கிதரிஸ்தேஸ். உடற்பயிற்சி தந்தவர் பைதோதிரிபேஸ். மூவரும் தனித்தனி ஆசிரியர்கள். அவர்களுக்கிடையே சிறுவனின் யாழையும் எழுதுபலகையையும் சுமந்தபடி கூடப் போனவர் பைதகோகோஸ். தெருவில் தலை குனிந்து நடப்பது, பெரியவர்களுக்கு எழுந்து நிற்பது, உணவை எந்தக் கையால் எடுப்பது போன்றவற்றைத் திருத்துவதும் தேவைப்பட்டால் அடிப்பதும் அவர் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, வேற்று ஆடவர்கள் சிறுவனை நெருங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளியைச் சூரிய உதயத்துக்கு முன் திறக்கக் கூடாது, மறைவதற்குள் மூடிவிட வேண்டும் என்று பழைய ஏதென்ஸ் சட்டம் சொன்னதாக கி.மு. 4ஆம் நூற்றாண்டுப் பேச்சாளர் அயிஸ்கினேஸ் ஒரு வழக்கில் எடுத்துக்காட்டுகிறார். அந்தச் சட்டத்துக்கும் பைதகோகோஸ் என்ற இந்தக் காவலரின் வேலைக்கும் காரணம் ஒன்றே: சிறுவனின் பாதுகாப்பு.

பெர்லின் அருங்காட்சியகத்தில் தூரிஸ் என்ற ஓவியர் தீட்டிய குடிகலம் ஒன்று இருக்கிறது, ஏறத்தாழ கி.மு. 490-480ஐச் சேர்ந்தது. அதில் ஆசிரியர் அமர்ந்து ஏட்டுச்சுருளை விரித்துப் பிடித்திருக்கிறார். சிறுவன் எதிரே நிற்கிறான். சற்றுத் தள்ளி, கையில் கோலோடு ஒருவர் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிறார். அவரைப் பைதகோகோஸ் என்றே பெரும்பாலோர் அடையாளம் காண்கிறார்கள். பாடம் நடக்கும் அறையில் இருக்கிறார், ஆனால் பாடத்தில் அவருக்குப் பங்கில்லை. சொல்லின் பழைய பொருளை இந்தக் காட்சியை விடத் தெளிவாக எந்த அகராதியும் காட்டாது.

இந்த ஏற்பாட்டில் இருந்த முரணைப் பிளாட்டோ தம் ‘லீசிஸ்’ உரையாடலில் தொட்டுக் காட்டுகிறார். ‘உன்னை ஆள்பவர் யார்?’ என்று லீசிஸ் என்ற சிறுவனிடம் சாக்ரடீஸ் கேட்கிறார். இதோ இந்தப் பைதகோகோஸ் என்கிறான் சிறுவன். அடிமையா என்றால், எங்கள் வீட்டு அடிமைதானே என்கிறான். சுதந்திரமானவனை அடிமை ஆள்வது விந்தை என்கிறார் சாக்ரடீஸ். உரையாடலின் கடைசியில் அந்தக் காவலர்களே வந்து, நேரமாகிவிட்டது, வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிடுகிறார்கள். அவர்கள் பேச்சில் அயல்நாட்டுச் சாயல்; விழா நாள் ஆதலால் கொஞ்சம் குடித்தும் இருக்கிறார்கள். விரட்டினாலும் போகாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பேச்சு அதோடு கலைந்துவிடுகிறது.

ஏற்பாடு பழுதுபட்டது ஆள் தேர்வில். நல்ல உழைப்பாளியை வயலுக்கோ வணிகத்துக்கோ அனுப்பிவிட்டு, எதற்கும் உதவாதவரைப் பிள்ளைக்கு வைப்பது வழக்கமாக இருந்தது. பின்னாளில் ஏதென்சின் தளபதியான அல்கிபியாதெசுக்கு, அவருடைய பாதுகாவலரும் ஏதென்ஸ் தலைவருமான பெரிக்ளிஸ் அமர்த்திய சோப்பிரோஸ் என்ற திரேசியர், முதுமையால் வேறு வேலைக்கு ஆகாதவர் என்று பிளாட்டோவின் பெயரில் வழங்கும் ஓர் உரையாடல் குறிக்கிறது. எல்லாரும் அப்படி இல்லை. கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போருக்கு முன், பாரசீகரை ஏமாற்றும் செய்தியோடு ஏதென்ஸ் தளபதி தெமிஸ்தோக்ளிஸ் அனுப்பிய சிகின்னோஸ் அவருடைய பிள்ளைகளின் பைதகோகோஸ்தான். பின்னாளில் அவர் தெஸ்பியா நகரின் குடிமகனானார், செல்வரும் ஆனார்.

மற்றொரு கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டா இந்த முறையையே ஏற்கவில்லை. பிள்ளைகளை அடிமைகளிடம் விடாமல், உயர் பதவிக்குரியவர்களில் ஒருவரைப் ‘பைதோநோமோஸ்’, அதாவது பிள்ளைகளின் மேற்பார்வையாளர் ஆக்கி, சாட்டை ஏந்திய இளைஞர்களையும் அவருக்குத் துணை தந்தார்கள் என்று கிரேக்க எழுத்தாளர் கிசெனபோன் எழுதுகிறார்.

காவலர் எப்போது ஆசிரியரானார்? திருப்பம் ரோமில். அங்கே வசதியுள்ள வீடுகள் கிரேக்க அடிமையை அமர்த்தின. கூடவே இருந்ததால் பிள்ளைக்குக் கிரேக்கப் பேச்சும் அவரிடமிருந்து வந்தது. ஆகவே கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமின் பேச்சுக்கலை ஆசிரியர் குவிந்திலியன், இவர்கள் நன்கு படித்தவர்களாக இருக்க வேண்டும், இல்லையேல் தாம் படிக்காதவர் என்பதையாவது உணர்ந்திருக்க வேண்டும் என்கிறார். மாசிடோனிய அரசர் அலெக்சாந்தரின் சிறுவயதுக் காவலர் லியோனிதேசிடமிருந்து ஒட்டிய சில குறைகள் அரசரானபின்னும் அவரை விடவில்லை என்று சான்றும் தருகிறார். லத்தீன் ‘பெதகோகுஸ்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது ஆசிரியர் என்ற பொருள் நிலைத்தது. துறைப்பெயராக அதை உறுதியாக்கியவர்கள் ஜெர்மானியர்கள். 1779இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் இதற்கெனப் பேராசிரியர் பதவியே உருவானது.

பொருள் மாறிய இந்தத் தடம் தமிழிலும் பதிந்திருக்கிறது. கலாத்தியருக்கு எழுதிய மடலில் பவுல், மோசேயின் சட்டத்தைப் பைதகோகோஸ் என்கிறார். பழைய தமிழ் விவிலியம் இதை ‘உபாத்தி’ என்று பெயர்த்தது. ‘விசுவாசம் வந்தபின்பு நாம் உபாத்திக்குக் கீழானவர்களல்லவே’ என்பது அடுத்த வசனம். தமிழ் வாசகருக்கு உபாத்தி என்றால் பாடம் சொல்பவர். பவுல் நினைத்ததோ, பிள்ளை வளர்ந்ததும் வேலை முடிந்துபோகும் காவலரை. முந்தைய வசனத்தில் ‘வழிநடத்துகிற’ என்ற அடைமொழி இருப்பதால் பாதிப் பொருள் தப்பியது.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? ஒரே சொல்லால் இரண்டையும் சமாளிக்க முடியாது.

பண்டைய கிரேக்கக் காவலருக்குப் ‘பிள்ளைக் காப்பாளர்’ பொருந்தும். விடுதிக் காப்பாளர் என்ற வழக்கு நமக்குப் பழக்கமானது. காப்பவர், பாடம் நடத்துபவர் அல்லர் என்பது கேட்டவுடனே விளங்கும். சங்க அகப்பாடல்களின் செவிலியும் நினைவுக்கு வரலாம். ஆனால் செவிலி தலைவியை வளர்த்த தாய், தோழியைப் பெற்றவள். அடிமைக்கு அந்தப் பெயரைத் தரக்கூடாது.

இன்றைய பெடகாஜிக்குச் சரியான சொல் ‘கற்பித்தலியல்’. ‘கல்வியியல்’ என்று எழுதுவது பொருந்தாது. தமிழ்நாட்டின் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகமும் இலங்கையின் தேசிய கல்வியியல் கல்லூரிகளும் காட்டுவதுபோல், அந்தச் சொல் வரலாறு, உளவியல், நிர்வாகம் எல்லாம் அடங்கிய முழுத்துறைக்கு உரியதாகிவிட்டது. ‘கற்பித்தல் முறை’ என்பதோ சுருங்கிப்போகிறது. பின்னத்தைச் சொல்லித்தர ரொட்டியை நான்காக வெட்டிக் காட்டுவது கற்பித்தல் முறை. 1/4ஐ விட 1/8 பெரிது என்று பிள்ளை ஏன் நினைக்கிறது, எட்டு நான்கைவிடப் பெரிது என்ற முழு எண் பழக்கம் எப்படிக் குறுக்கே நிற்கிறது, அதனால் ரொட்டிக்கு முன்னால் எதைக் கற்றிருக்க வேண்டும், புரிந்ததை எந்தக் கேள்வியால் அறிவது என்று யோசிப்பது கற்பித்தலியல். கேள்வித்தாள் மொழிபெயர்ப்பில் இந்த இரண்டும் கலந்துவிட்டால், கேட்பது செயலையா காரணத்தையா என்று தெரியாமல் தேர்வர் தடுமாறுகிறார்.

உறவுச் சொற்களிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. பெடல், பெடஸ்ட்ரியன் ஆகியவை லத்தீனில் பாதத்தைக் குறிக்கும் வேறு வேரிலிருந்து வந்தவை; பெடகாஜிக்கு உறவில்லை. பீடியாட்ரிக்ஸ் உறவுதான், அது குழந்தை மருத்துவம். ஆர்த்தோபீடிக்சும் உறவே: 1741இல் பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்திரி பிள்ளைகளின் உடலை நேராக்கும் கலைக்கு வைத்த பெயர், இன்று எல்லா வயதினரின் எலும்புக்கும் ஆகிவிட்டது. கணித மேதை பைதாகரசின் பெயர் தமிழ் எழுத்தில் நெருங்கி ஒலித்தாலும் கிரேக்கத்தில் முற்றிலும் வேறு. டெமகாக் என்பதில் வருவது அதே ‘அகோகோஸ்’. அது மக்களை நடத்திச் செல்பவர். வளர்ந்தோருக்குக் கற்பிப்பதை 1833இல் ஜெர்மன் ஆசிரியர் அலெக்சாந்தர் காப் ‘ஆந்திரகோகிக்’ என்றார். அதை ‘வயதுவந்தோர் கற்பித்தலியல்’ எனலாம். ‘முதியோர் கல்வி’ என்றால் எழுத்தறிவு இயக்கம் என்று மட்டுமே பொருள்படும்.