மூச்சு முந்தும், நாண் பிந்தும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 50 வயதைத் தாண்டி ஓடத் தொடங்குகிறவர்கள் பலருக்கு ஏறக்குறைய ஒரே கதைதான் நடக்கிறது. ஆறேழு வாரத்தில் மூச்சிரைப்பு அடங்கிவிடும். சனிக்கிழமை காலை எல்லோரும் சேர்ந்து ஓடும் பார்க்ரன்னின் 5 கிலோமீட்டரை நிற்காமல் முடித்துவிடுவார்கள். அந்தத் தெம்பில் மாரத்தானைக் குறிவைத்துத் தூரத்தைக் கூட்டுவார்கள். மூன்றாம் மாதம் குதிகாலின் பின்புறமோ முன்காலெலும்போ வலியெடுத்து உட்கார்ந்துவிடுவார்கள். பழி வயதின்மேல் விழும். ஆனால் உடம்பின் உறுப்புகள் எல்லாம் ஒரே வேகத்தில் பழகுவதில்லை என்பதே இதற்குக் காரணம்.

முதலில் மாறுவது இரத்தம். ஓரிரு வாரத்திலேயே அதன் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பெருகி, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தைத் தள்ளும். அடுத்த சில வாரங்களில் தசைக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகும், நுண் இரத்தக் குழாய்கள் கூடும். 55 வயதிலும் இதெல்லாம் நன்றாகவே நடக்கிறது.

நாண் வேறு ரகம். கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு பிணைக்கும் அக்கிலிஸ் நாண், ஓடும்போது அடிக்கு அடி உடல் எடையைப்போல் ஆறேழு மடங்கு இழுவிசையைத் தாங்குகிறது. மாரத்தான் தூரம் 42.195 கிலோமீட்டர், இரண்டு காலுக்குமாக 40,000 அடி என்று வைத்துக்கொள்ளலாம். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்துவிட்ட கார்பன்-14ஐ அடையாளமாக வைத்து, டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் இந்த நாணின் வயதைக் கணக்கிட்டார்கள். அதன் உள்மையம் 17 வயதுவாக்கில் உருவாகி முடிந்துவிடுகிறது. அதன்பின் அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. ஆக, 55இல் நீங்கள் ஓடுவது பள்ளிக்கூட நாளில் நெய்த நாணை நம்பித்தான். பயிற்சியால் அது கெட்டிப்படும், ஆனால் மாதக்கணக்கில்.

ஒரு கடின ஓட்டத்துக்குப் பிறகு 24 முதல் 36 மணி நேரம்வரை நாணின் நார்ப்புரதமான கொலாஜன் உருவாவதைவிடச் சிதைவதே அதிகம். பிறகுதான் கணக்கு நேராகும். அடுத்தடுத்த நாள் ஓடக் கூடாது என்று சொல்வதன் அடிப்படை இதுவே. எலும்பிலும் இதே கதை: பழைய பகுதியை அரிக்கும் செல்கள் இரண்டு மூன்று வாரத்தில் குழி பறித்துவிடும்; அதை நிரப்பி இறுக்க மூன்று மாதம்போல் ஆகும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்னைவிட மெலிந்தே இருக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இந்த இடைவெளி இன்னும் ஆபத்தானது.

ஆகவே பயிற்சிக் கணக்கை நாணுக்கும் எலும்புக்கும் ஏற்றபடிதான் போட வேண்டும். முதல் மாரத்தானுக்கு எட்டு ஒன்பது மாதம் தேவை. டர்பனுக்கு அக்டோபரில் தொடங்குவது தோது: புழுக்கமான கோடை முழுவதும் சிறிய தூரம், மே, ஜூன் குளிரில் நீண்ட தூரம். டிசம்பரில் 5 மணிக்கு முன்பே வெளுத்துவிடும் என்பதால் விடியலிலேயே இறங்கிவிடலாம். ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாது, உடம்பின் சூடு தணியாது. வயது ஏற ஏற, சூட்டை வெளியேற்றத் தோலுக்குப் போகும் இரத்தமும் குறையும். வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் எடுக்கும்.

முதல் இரண்டு மாதம் வாரம் மூன்று நாள், 30 நிமிடம்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. பிறகு ஓட்டத்தை மெல்ல நீட்டலாம். நீண்ட ஓட்டம் வாரம் ஒன்றுதான். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குமேல் கூட்ட வேண்டாம். நான்காவது வாரம்தோறும் மொத்த தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள். உச்சம் 30, 32 கிலோமீட்டர் போதும், அதுவும் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பே.

வேகத்துக்கு அளவுகோல் பேச்சு: முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். நாடித்துடிப்பு பார்ப்பவர்கள் 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கலாம். 55 வயதுக்கு உச்சம் சுமார் 170, இதமான ஓட்டம் 110 முதல் 127 வரை. பிரஷருக்கு, நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. சர்க்கரைக்கு இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள் ஓடும்போது சர்க்கரை சரியலாம். தொடங்குமுன் மருத்துவரிடம் அளவு பேசிக்கொள்வது கட்டாயம்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் மேடுகளில் வசிப்பவர்கள் ஏற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். காலை உடைப்பது இறக்கம். அங்கே தொடைத்தசை நீண்டுகொண்டே சுமை தாங்குவதால் இழைகள் கிழிந்து இரண்டு நாள் கழித்து வலிக்கும். முதல் மூன்று மாதம் இறக்கத்தில் நடந்துவிடுங்கள். சமதளத்துக்குக் கடற்கரை நடைபாதை இருக்கவே இருக்கிறது. படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சியை 15 தடவை வீதம் மூன்று சுற்று, 12 வாரம் செய்தால் நாண் தேறும்.

புரட்டாசி விரதம் பயிற்சிக்குத் தடையல்ல. வயது கூடக்கூடத் தசை புரதத்துக்கு மந்தமாகவே இசையும் என்பதால், 65 கிலோ எடைக்காரருக்கு வேளைக்கு 25 கிராம் அளவு தேவை. ஒரு கப் வெந்த பருப்பில் சுமார் 18 கிராம் கிடைக்கும். கூடத் தயிரோ சோயாவோ சேருங்கள். தைப்பூசக் காவடி எடுக்கும் வாரம் மட்டும் நீண்ட ஓட்டம் வேண்டாம். சுடுதாரில் வெறுங்காலோடு நடப்பதும் குதிகாலுக்குச் சுமைதான்.

70 கிலோ உடம்பு மாரத்தானில் ஏறக்குறைய 2,950 கலோரி எரிக்கும். தசையிலும் கல்லீரலிலும் சேமித்துள்ள மாவுச்சத்தான கிளைக்கோஜன் சுமார் 2,000 கலோரிதான். மிச்சம் கொழுப்பிலிருந்து வர வேண்டும், அது மெதுவான எரிபொருள். வேகம் கூடினால் 30 கிலோமீட்டர் தாண்டியதும் கால் இரும்பாகும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகட்டும். ஒரு பெரிய வாழைப்பழம் சுமார் 30 கிராம். உப்புத் தூவிய வேகவைத்த உருளைக்கிழங்கும் ஒத்துவரும். எதையும் நீண்ட ஓட்டத்தில் சோதித்த பிறகே பந்தயத்தில் சாப்பிடுங்கள்.

தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். அளவுக்கு மீறினால் இரத்தத்தில் சோடியம் நீர்த்து, தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்புவரை போகும். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஜூனில் நடக்கும், சுமார் 90 கிலோமீட்டர் நீளமுள்ள காம்ரேட்ஸ் பந்தய ஓட்டக்காரர்களிடம் கண்ட இந்த நிலையை கேப் டவுன் மருத்துவர் டிம் நோக்ஸ் 1985இல் விவரித்தார். மெதுவாக ஓடுகிறவர்களே இதில் அதிகம் சிக்குவார்கள். குடிக்க அவர்களுக்குத்தான் நேரம் நிறைய. ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அதுவே எச்சரிக்கை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு ஓடுவது சிறுநீரகத்துக்குக் கேடு.

காலையில் குதிகால் விறைத்து, பத்து நிமிட நடையில் இளகினால் அடுத்த ஓட்டத்தைக் குறைத்தால் போதும். முன்காலெலும்பில் விரல் வைத்துக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

மாரத்தான் முடித்ததும் காம்ரேட்ஸ் பேச்சு எழும். 1989இல் 80 வயதில் அதை முடித்த வாலி ஹேவர்டை உதாரணம் காட்டுவார்கள். அவர் அந்தப் பந்தயத்தை முதன்முதலில் வென்றது 1930இல். அவருடைய நாண் அறுபது வருடமாக ஓடிப் பழகியது. முதல் மாரத்தானை ஜூனில் முடித்தவர் அடுத்த ஜூனை விட்டுவிட்டு, அதற்கடுத்ததைக் குறிவைப்பது நல்லது.