பதவிப் பெயரில் 'உதவி' எங்கே இருக்கிறது?

தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கோ பேரூராட்சிக்கோ மனுவோடு போகிறவர்களைக் குழப்புவது 'உதவி' என்ற ஒரு சொல். அது பெயரின் முன்னால் வந்தால் பெரும்பாலும் அதிகாரி. உதவி இயக்குநர் (ஊராட்சிகள்) மாவட்டம் முழுதும் கிராம ஊராட்சிகளைக் கண்காணிப்பவர். உதவிப் பொறியாளர் தெருவில் போட்ட சிமென்ட் சாலையை அளந்து எம்.புக்கில் (அளவீட்டுப் புத்தகத்தில்) பதிபவர், அந்தப் பதிவு இல்லாமல் ஒப்பந்ததாரரின் பில் நகராது.

பெயர் 'உதவியாளர்' என்று முடிந்தால் கதை வேறு. அலுவலக உதவியாளர் என்பவர் பழைய பியூன். இளநிலை உதவியாளர் குரூப் 4 தேர்வில் வந்த எழுத்தர். வெறும் 'உதவியாளர்' அவருக்கு ஒரு படி மேல். பதவி உயர்விலோ குரூப் 2ஏ வழியாகவோ வருகிறார். கோப்பைத் தொடங்கி, விதியைக் காட்டிக் குறிப்பு எழுதுவது இவர்கள்தான். முடிவெடுக்கும் அதிகாரம் இவர்களுக்கு இல்லை. ஆனால் குறிப்பு எழுதப்படாவிட்டால் மேலே முடிவெடுக்க எதுவும் போகாது! கிராம உதவியாளர், அதாவது தலையாரி, வருவாய்த் துறை ஆள்.

'அலுவலர்' என்ற பட்டமும் ஏமாற்றும். கிராம நிர்வாக அலுவலரும் இளநிலை உதவியாளரும் ஒரே குரூப் 4 தேர்வில் வருகிறவர்கள். இருவருக்கும் ஊதிய நிலை 8, தொடக்கம் ரூ.19,500. பேரூராட்சியின் செயல் அலுவலரோ அலுவலகத்துக்கே தலைமை அதிகாரி.

வி.ஏ.ஓ., அதாவது கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சியைச் சேர்ந்தவரே அல்ல. அடங்கல் (பயிர்க் கணக்கு), நிலவரி, சான்றிதழுக்கான விசாரணை அறிக்கை அவரிடம். வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, தெருவிளக்கு ஊராட்சியிடம்; அங்கே பதிவேடுகளை வைத்திருப்பவர் ஊராட்சி செயலர். இந்த இரண்டையும் மாற்றிக் கொடுத்த மனுக்கள்தான் வாரக்கணக்கில் தூங்குகின்றன.

ஒன்றியத்தில் பி.டி.ஓ., அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர், இருவர். கிராம ஊராட்சி பற்றிய புகாரென்றால் உறையில் 'வட்டார வளர்ச்சி அலுவலர் (கி.ஊ)' என்று எழுதுங்கள். ஒன்றியத்தின் சொந்த நிர்வாகம் (வ.ஊ), அதாவது வட்டார ஊராட்சி, என்பவரிடம். வெறும் 'பி.டி.ஓ.' என்று எழுதினால் தபால் பிரிக்கும் இடத்திலேயே தடுமாறும்.

மனுவை எப்போதும் அலுவலர் பதவிக்கு எழுதி, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பின்தொடர்வது உதவியாளரிடம். பதில் கடிதத்தில் ந.க. எண்ணோடு (கோப்பு எண்) 'அ2' என்பதுபோல் ஒன்று இருக்கும். அ பிரிவின் இரண்டாவது இருக்கை என்று பொருள். அந்த இருக்கையில் கேட்டால் கோப்பு எந்த மேசையில் என்று தெரிந்துவிடும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மட்டும் முன்னால் வரும் 'உதவி'யும் ஏமாற்றும். உதவிப் பொதுத் தகவல் அலுவலர் மனுவை வாங்கி அனுப்புபவர் மட்டுமே. அவரிடம் கொடுத்தால் பதிலுக்கான 30 நாள் கெடுவோடு 5 நாள் கூடும். நேரே பொதுத் தகவல் அலுவலருக்கே எழுதிவிடலாம்.