சத்தம் போடும் ஹார்டு டிஸ்க்: பழுதா, பழக்கமா?

கம்ப்யூட்டர் திடீரென்று சத்தம் போட ஆரம்பித்தால் முதலில் ஃபேனைப் பாருங்கள். தூசி படிந்த ஃபேனும் அதில் உரசும் ஒயரும் ஹார்டு டிஸ்க்கின் மேல் பழியைப் போடுவது சகஜம். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை டிஸ்க்கின் மேல் மூடியில் மெதுவாக வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டால், மெக்கானிக் என்ஜினைக் கேட்பதுபோல, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். சர்க்யூட் போர்டு பக்கம் மட்டும் வைக்காதீர்கள்.

டிஸ்க்கில் அசைபவை இரண்டுதான்: சுழலும் தட்டுகள், அவற்றின் மேல், தகவலைப் படித்து எழுதும் ஹெட்டைச் சுமந்து போகும் கை. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120. சீரான மெல்லிய ரீங்காரம் அதனால்தான். பெட்டியே அதிர்ந்தால் திருகுகள் தளர்ந்திருக்கலாம். கூர்மையான கீச்சொலி, தட்டுகள் சிறு குண்டுகள் மேல் சுழலும் பழைய பால் பேரிங் டிஸ்க்குகளில் வயதானதன் அடையாளம். இப்போதைய திரவ பேரிங்கில் அது கேட்டால் கவலைப்படலாம்.

ஃபைல்களைக் காப்பி செய்யும்போது வரும் 'கரகர' சத்தம், கை இங்கும் அங்கும் தாவுவது. அதில் தப்பில்லை. பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள் சில, சும்மா இருக்கும்போதுகூட 5 நொடிக்கு ஒருமுறை 'டக்' என்னும். மசகு ஒரே இடத்தில் தேயாமலிருக்கக் கையை நகர்த்தும் ஏற்பாடு அது.

பயப்பட வேண்டிய 'டக்' வேறு. ஹெட் தட்டைத் தொடுவதில்லை, சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. எந்தத் தடத்தின் மேல் இருக்கிறோம் என்பதை, தொழிற்சாலையிலேயே தட்டில் எழுதப்பட்ட இடக்குறிகளைப் படித்துத்தான் அது அறிகிறது. ஹெட் கெட்டாலோ, குறிகள் படிக்க முடியாமல் போனாலோ கை வழி தவறிவிடும். உடனே டிஸ்க்கின் சர்க்யூட் அதைத் தொடக்க இடத்துக்கு இழுத்து மறுபடி அனுப்பும். மறுபடி தோல்வி, மறுபடி இழுப்பு. அந்த இழுப்புதான் 'டக்' என்று கேட்கிறது. அதனால் சத்தம் எவ்வளவு பெரியது என்று பார்க்காமல், ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப வருகிறதா, கடைசியில் மோட்டார் நின்றுபோகிறதா என்று கவனியுங்கள்.

ஆனால் மின்சாரம் போதாவிட்டாலும் இதே கிளிக் வரும். வெளியே மாட்டும் சின்ன டிஸ்க் என்றால் வேறு கேபிள், வேறு யுஎஸ்பி போர்ட் மாற்றிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். 'பீப் பீப்' என்றால் பெரும்பாலும் மோட்டார் சுழல முயன்று முடியாமல் தவிக்கிறது. உலோகம் உரசுகிற சத்தமா? யோசிக்காமல் அணைத்துவிடுங்கள். ஹெட் தட்டின் பூச்சைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது, அதில்தான் உங்கள் போட்டோக்கள் இருக்கின்றன.

இந்த மோசமான சத்தங்கள் இல்லையென்றால், அடுத்தது டிஸ்க் தானே எழுதி வைக்கும் 'ஸ்மார்ட்' குறிப்பு. விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் அதைக் காட்டும். கெட்டுப்போனதால் மாற்று இடத்துக்குப் போன செக்டார்கள் (தட்டில் தகவல் எழுதும் சிறு துண்டுகள்) 5-ஆம் எண்ணிலும், படிக்க முடியாமல் காத்திருப்பவை 197-இலும் இருக்கும். இவை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் நம்பத்தக்கதல்ல. தகவல் கைமாறும்போது வரும் பிழைகளை எண்ணும் 199 மட்டும் ஏறினால் கேபிளை மாற்றுங்கள், பெரும்பாலும் குற்றவாளி அதுதான்.

குறிப்பு சுத்தமாக இருப்பதால் மட்டும் நிம்மதியாகிவிட முடியாது. 2007-இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்தபோது, செத்துப்போனவற்றில் 56 சதவீதத்துக்கும் மேல், முக்கியமான நான்கு எண்ணிக்கைகளில் எந்த எச்சரிக்கையும் காட்டியிருக்கவில்லை. அதனால் என் வரிசை இது: முதலில் முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு நகலெடுப்பது, அப்புறம்தான் முழுச் சோதனை. அந்தச் சோதனை எல்லா செக்டாரையும் படிக்கும், தள்ளாடும் டிஸ்க்குக்கு அதுவே பெரிய சுமை. படிக்கத் திணறும் டிஸ்க்கை நகலெடுக்க ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் நல்லது, எளிதாக வரும் பகுதிகளை முதலில் அள்ளிவிட்டுக் கெட்ட இடங்களுக்குப் பிறகு வரும். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படிந்தால், மிச்சமிருப்பதும் போய்விடும்.