விஷயம் தெரிந்தவரைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ட்விட்டரில் (இப்போது எக்ஸ்) ஒருவர் தன் பெயருக்குக் கீழே 'வானியல் நிபுணர்' என்று எழுதிக்கொள்ள அரை நிமிடம் போதும். யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. உண்மையிலேயே விஷயம் தெரிந்தவரை அந்தக் கூட்டத்தில் எப்படிப் பிரித்தெடுப்பது?

ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று முதலில் தோன்றும். கணினி ஆய்வாளர் மீயோங் சா குழுவினர் 2010-ல் சுமார் 5.4 கோடி கணக்குகளை வைத்துச் செய்த ஆய்வு வேறு கதை சொன்னது. ஃபாலோயர் அதிகம் இருப்பவரின் பதிவைத்தான் அதிகம் பேர் ரீட்வீட் செய்வார்கள் என்பதில்லை. போதாததற்கு, 'நீ என்னைப் பின்தொடர், நான் உன்னைப் பின்தொடர்கிறேன்' என்ற கொடுக்கல் வாங்கலும் அங்கே உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு 2012-ல் வந்தது. ஐஐடி கரக்பூரைச் சேர்ந்த சப்தர்ஷி கோஷும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய 'காக்னோஸ்' என்ற தேடுபொறி அது. ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதை அது கண்டுகொள்ளாது. மற்றவர்கள் அவரை எந்தப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றுதான் பார்க்கும்.

2009-ல் ட்விட்டர் 'லிஸ்ட்' என்ற வசதியைத் தந்தது. நாம் வாசிக்க விரும்பும் கணக்குகளைத் தொகுத்து, அந்தத் தொகுப்புக்கு ஒரு பெயரும் விளக்கமும் வைத்துக்கொள்ளலாம். வானியல் ஆர்வமுள்ள ஒரு மாணவி, தான் விரும்பி வாசிக்கும் முப்பது பேரைச் சேர்த்து 'விண்வெளி' என்று பெயர் வைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வேறு எங்கோ ஓர் ஆசிரியர் 'வானியல், கோள்கள்' என்று ஒரு லிஸ்ட் போடுகிறார். இருவருக்கும் அறிமுகமே இல்லை. ஆனால் இரண்டிலும் ஒரே பெயர் இருக்கிறது. இப்படி நூறு லிஸ்ட்களில் அதே பெயர் வந்தால்? அது கிட்டத்தட்ட நூறு பேரின் சாட்சி. தங்கள் வசதிக்காகச் செய்துகொண்டது என்பதால் இதில் முகஸ்துதிக்கு வேலையில்லை. அதனால்தான் இந்தச் சாட்சியை நான் நம்புகிறேன்.

காக்னோஸ் அந்த லிஸ்ட்களின் பெயரையும் விளக்கத்தையும் சொல் சொல்லாகப் பிரித்து, யார் பெயரோடு எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணும். நாம் தேடும் சொல்லோடு அது எவ்வளவு ஒட்டுகிறது என்பதற்கு ஒரு மதிப்பெண். அதை, அவர் இடம்பெற்ற லிஸ்ட்களின் எண்ணிக்கையின் மடக்கையால் (log) பெருக்குவார்கள். எண் பத்து மடங்கு ஏறினால் மடக்கை ஒரு படிதான் ஏறும்: 10-க்கு 1, 1000-க்கு 3. மடக்கை எதற்கு? 1000 லிஸ்ட்களில் இருப்பவருக்கு, 10-ல் இருப்பவரைவிட 100 மடங்கு கிடைக்காமல் 3 மடங்கு மட்டுமே கிடைக்கும். சினிமா நட்சத்திரங்கள் எல்லாத் தலைப்பிலும் வந்து உட்கார்ந்துகொள்வதை இது ஓரளவு தடுக்கிறது.

சரி, குறை இல்லையா? இருக்கிறது. சத்தமில்லாமல் சிலந்திகளை ஆராய்ந்துகொண்டிருக்கும் இளைஞரை இன்னும் யாரும் எந்த லிஸ்டிலும் சேர்த்திருக்க மாட்டார்கள். இந்த முறைக்கு அவர் தென்படவே மாட்டார். அப்புறம், நம் மொழிக்கென்று ஒரு சிக்கல். ஒருவர் 'சமையல்' என்று தமிழில் பெயர் வைப்பார், இன்னொருவர் அதையே ஆங்கில எழுத்தில் வைப்பார், மூன்றாமவர் 'சமையலுக்கு' என்பார். சொற்களை அப்படியே எண்ணும் கணினிக்கு இவை மூன்று தலைப்புகள். 'உக்கு' போன்ற ஒட்டைக் கழற்றி, ஆங்கில எழுத்தைத் தமிழுக்கு மாற்றி, மூன்றும் ஒரே அடுப்படிதான் என்று முதலில் அதற்குச் சொல்லித்தர வேண்டும்.